உறுதி எனும் சிக்கல்: இரட்சணிய யாத்திரிகமும் மூலநூலின் முத்திரைச் சுருளும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) பற்றித் தமிழில் எழுதப்பெற்ற கட்டுரைகளில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பெருங்காப்பியம் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பொருளையும் பயக்க வேண்டும் என்பது தண்டியாசிரியர் வகுத்த நெறி. இந்நூலின் இறுதிப் பகுதியாகிய இரட்சணிய பருவம் வீடுபேற்றை உரைக்கிறது. ஆகவே இரட்சணியம் என்பது வீடு என்பதன் கிறித்தவப் பெயர் என்பதே அக்கூற்று. மாணாக்கர்க்குப் பாடம் சொல்லும்போது இது வசதியான விளக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்ட மறுகணமே நூலின் உயிர்நிலையான சிக்கல் ஒன்று கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. கிறித்தவ மரபில், சிறப்பாகச் சீர்திருத்தச் சபை மரபில், மீட்பு வேறு. மீட்கப்பட்டோம் என்ற உறுதி வேறு. முன்னது இறந்தபின் நிறைவெய்துவது. பின்னதோ இறக்குமுன், இன்று, இவ்வுடலில் இருக்கும்போதே கிடைக்குமா என்ற வினா. கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்ட மூலநூலின் பதற்றம் முழுவதும் இந்த இரண்டாவது வினாவிலேயே நிற்கிறது. அதை விலக்கிவிட்டு நூலைக் கற்பது, வழக்கின் தீர்ப்பை மட்டும் படித்து வழக்கைப் படிக்காமல் விடுவதை ஒக்கும்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். வீடு என்பது விடு என்னும் வினையடிப் பிறந்தது. விடுபவன் கட்டுண்டவனே. மீட்பு அப்படியன்று. அது மீள் என்பதன் பிறவினை வழி வந்தது. மீட்பதற்கு மற்றொருவர் வேண்டும். அடகு வைத்த நகையை மீட்டான் என்கிறோம். நகை தானே மீள்வதில்லை. இரட்சணியமும் இவ்வகையினதே. காப்பவன் ஒருவன், காக்கப்படுபவன் ஒருவன் என இரு முனைகள் அதற்குள் அடங்கியுள்ளன. ஜான் பனியனின் நூல் தமிழ் உரைநடையில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரால் வழங்கியது. அதாவது, சேருமிடம் தலைப்பாயிற்று. கிருஷ்ணபிள்ளை மோட்சத்தையும் வீட்டையும் விடுத்து இரட்சணியத்தைத் தலைப்பில் வைத்தார். இது ஓசை நோக்கிய தேர்வாக மட்டும் இருக்க இயலாது எனக் கருதுகிறேன். கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, தமிழாசிரியராய் வாழ்ந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற ஒருவருக்கு இச்சொற்களின் எடை வேறுபாடு தெரியாதிருந்திருக்க வழியில்லை.

விவிலியத் தமிழும் இங்குக் கருதத்தக்கது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகிய 1871ஆம் ஆண்டுத் திருப்புதல், உறுதி பற்றிய கிரேக்கச் சொற்களைத் தமிழாக்கிய விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகார இறுதியில், சாவும் வாழ்வும் தன்னை இறையன்பிலிருந்து பிரிக்கா எனப் பவுல் கூறும் இடத்துக் கிரேக்க வினை செயப்பாட்டு வடிவில் உள்ளது. ‘இசைவிக்கப்பட்டு அந்நிலையில் நிற்கிறேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். உறுதி பவுல் உண்டாக்கிக் கொண்டதன்று; அவருக்குள் உண்டாக்கப்பட்டது. தமிழிலோ நிச்சயித்தல் என்னும் செய்வினை நிற்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்திலும் அதே கிரேக்க வினை, அதே தமிழ்ச்சொல். திருமணம் நிச்சயித்தல் என்ற வழக்கை நினைத்துப் பார்த்தால், தமிழ் வாசகரின் செவியில் இது ஒருவர் தாமே முடிவு கட்டும் செயலாக ஒலிக்கிறது. பெறப்பட்ட உறுதி, எடுக்கப்பட்ட முடிவாக மாறிவிடுகிறது. தமிழ்க் கிறித்தவச் சொற்பொழிவு மரபில் உறுதி என்பது சில வேளைகளில் மனத்திடத்தின் மறுபெயர் போலப் பேசப்படுவதற்கு இச்சொல்லாட்சியும் ஒரு காரணமாகலாம்.

இதற்கு நேர்மாறாக, மொழிபெயர்ப்பு அழகுற வெற்றி பெற்ற இடமும் உண்டு. எபேசியருக்கு எழுதிய திருமுகம், தூய ஆவியை வரவிருக்கும் உரிமைக்கான முன்பணம் என்கிறது. கிரேக்கர் செமித்திய வணிகரிடமிருந்து பெற்ற கடைத்தெருச் சொல் அது. தமிழில் அதற்கு ‘அச்சாரம்’ என்ற சொல் அமைந்தது. நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் விலைபேசிய பேச்சு இனி மாறாது. உறுதி என்ற கருத்தை விளக்க எழுந்த இறையியல் நூல்கள் பலவற்றைவிட இவ்வொரு சொல் தெளிவாகப் பேசுகிறது.

மறுமை பற்றிய சொற்களிலும் இத்தகைய நுட்பம் காணப்படுகிறது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அளித்த வாக்கு லூக்கா நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. ‘இன்று’ என்ற சொல் வாக்குறுதியைச் சேர்ந்ததா, ‘சொல்கிறேன்’ என்ற வினையைச் சேர்ந்ததா என்பது பழைய விவாதம். பழங்காலக் கிரேக்கப் படிகளில் இதைத் தீர்க்கும் நிறுத்தற்குறி இல்லை. முன்னது எனின் இறந்த உடனேயே உயிர் பரதீசு சேர்கிறது. பின்னது எனின் உயிர்த்தெழும் நாள்வரை உயிர் உறங்குகிறது என்பாரின் கருத்துக்கு இடமுண்டு. கிரேக்கம் இருபொருளைத் தாங்கிக் கொள்ளும். தமிழ் தாங்காது. ‘என்று’ என்னும் இடைச்சொல்லுக்கு முன்னே வைத்தால் ஒரு பொருள், பின்னே வைத்தால் மறுபொருள். திருப்புதலார் முன்னே வைத்தனர். அதே சபையாரின் வழக்கில் இறந்தவர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதப்படுவதும் காண்க. உடனே பரதீசு என்ற நம்பிக்கையும் உறக்கம் என்ற உருவகமும் இரங்கல் அறிவிப்பில் அருகருகே நிற்கின்றன. கத்தோலிக்கர் வழக்கிலோ உத்தரிக்கிற ஸ்தலம் என்ற இடைநிலை உண்டு; அங்கே வாழ்வோர் செய்யும் மன்றாட்டு இறந்தோரைத் தொடர்கிறது. சீர்திருத்தச் சபையார் அவ்விடைநிலையை நீக்கினர். நீக்கியதன் விளைவு, இறப்புக்குப்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதாயிற்று. அங்கே தீர்க்க முடியாத கணக்கு முழுவதும் இறப்புக்கு முன்னுள்ள வாழ்வின்மேல் வந்து விழுந்தது.

மேலை நாட்டில் இவ்வினா எழுந்த வரலாற்றை இங்கு விரிப்பது தேவையன்று, இன்றியமையாதன சில. கால்வின், நம்பிக்கை என்பதையே உறுதியான, ஐயமற்ற அறிவு என வரையறுத்தார். 1547 சனவரியில் திரிதெந்தின் பொதுச்சங்கம் இதை மறுத்தது. சிறப்பு வெளிப்பாடு பெற்றாலன்றித் தான் இறுதிவரை நிலைத்திருப்பேன் என எவரும் முற்றுறுதியுடன் கூறலாகாது என்றது. ஒரு நூற்றாண்டு கழித்து 1646இல் வகுக்கப்பெற்ற வெசுட்மினிசுடர் நம்பிக்கை அறிக்கை, கால்வினின் வழிவந்தோரே எழுதியது, தன் 18ஆம் இயலில் ஒரு நடுநிலைக்கு வந்தது. உறுதி கிட்டும், ஆனால் அது நம்பிக்கையின் சாரத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்ததன்று. மெய்யான நம்பிக்கையாளரும் அதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேரலாம். பெற்றபின்னும் அது ஆட்டங்காணலாம். தேர்ந்தெடுக்கப்பட்டோர் தொகை வரையறுக்கப்பட்டது என்ற கோட்பாடு ஒருபுறம். அதில் நான் உளேனா என்ற தனிமனிதனின் வினா மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட உள்ளத்தின் அலைச்சலே அந்நூற்றாண்டின் ஆங்கிலச் சமய இலக்கியம். 1999 அக்டோபர் 31 அன்று அவுக்சுபர்க்கு நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் ஒப்பமிட்ட கூட்டறிக்கையிலும் மீட்பின் உறுதிக்குத் தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டது. 450 ஆண்டுகளுக்குப் பின்னும் அது பேசித் தீர்க்கவேண்டிய பொருளாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

பனியன் (1628–1688) இவ்வலைச்சலை உள்ளிருந்து அறிந்தவர். 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். 1666இல் வெளியான தன்வரலாற்றில், ஏசாவைப் போலத் தாமும் பிறப்புரிமையை விற்றுவிட்டோமோ, திரும்பப் பெற வழியில்லையோ என்று ஆண்டுக்கணக்கில் நடுங்கியதை எழுதியுள்ளார். 1678இல் வெளிவந்த யாத்திரிக நூலின் கதைமாந்தர்கள் இந்நடுக்கத்தின் உருவங்களே.

அந்நூலில் ஒரு பொருளை மட்டும் பின்தொடர்ந்து செல்வோம். சிலுவையின் முன் யாத்திரிகனின் முதுகுச் சுமை வீழ்கிறது. ஒளிவடிவினர் மூவர் வருகின்றனர். ஒருவர் பாவமன்னிப்பை அறிவிக்கிறார். மற்றவர் கந்தையைக் களைந்து மாற்றுடை தருகிறார். மூன்றாமவர் நெற்றியில் ஓர் அடையாளம் இட்டு, முத்திரையுள்ள சுருள் ஒன்றைக் கையில் கொடுக்கிறார். வழியில் படிக்கவும் வானவாயிலில் காட்டவும் உரியது அது. பின்னர்க் கடுமலை ஒன்றின் நடுவே உள்ள நிழற்பந்தரில் அவன் உறங்குகிறான். சுருள் நழுவி வீழ்கிறது. மலையுச்சி வரை சென்றபின், சிங்கங்களுக்கு அஞ்சி ஓடிவரும் இருவரைக் கண்டு நடுங்கி, ஆறுதலுக்காக மடியைத் தடவுகிறான். சுருள் இல்லை. மூச்சிரைக்க ஏறிய மலையை அழுதுகொண்டே இறங்கித் தேடுகிறான்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. நெற்றி அடையாளம் போகவில்லை, மாற்றுடையும் போகவில்லை. போனது சுருள் மட்டுமே. அதாவது மீட்பு இழக்கப்படவில்லை. மீட்கப்பட்டேன் என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ளும் சான்று இழக்கப்பட்டது. ஆயினும் அவன் அழுகை, எல்லாம் இழந்தவனின் அழுகை. கோட்பாட்டளவில் வேறாகிய இரண்டும் துயருறும் உள்ளத்துக்கு ஒன்றாகவே தோன்றும் என்பதைப் பனியன் விளக்கவுரை ஏதுமின்றிக் காட்டிவிடுகிறார்.

விளக்கவுரையை அவர் வேறோர் இடத்தில் தருகிறார். ‘சிறுநம்பிக்கையன்’ என்னும் ஒருவனை வழிப்பறிக் கள்வர் மூவர் அடித்து வீழ்த்திய கதை அது. கைச்செலவுப் பணம் பறிபோயிற்று. அணிமணிகளும் வாயிலில் காட்ட வேண்டிய சான்றும் கள்வர் கையில் சிக்கவில்லை. எஞ்சிய பயணம் முழுவதும் அவன் இரந்துண்டு சென்றான். மடியில் மணி இருக்கப் பிச்சை எடுத்தவன். மணியை விற்க முடியாது, விற்கவும் அவன் உடன்படான். செலவழிக்கத்தக்க பணமோ இல்லை. உறுதியற்ற நம்பிக்கையாளனின் வாழ்வை இதனினும் செறிவாகச் சொல்லிய உருவகத்தை யான் அறியேன். வெசுட்மினிசுடர் அறிக்கையின் 18ஆம் இயல் முழுவதும் இவ்வொரு வறியவனின் நடையில் அடங்கிவிடுகிறது.

இனி இரட்சணிய யாத்திரிகத்துக்கு வருவோம். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டு 3,766 பாடல்களால் இயன்ற இந்நூல், மூலத்தின் கதைப்போக்கைப் பெரும்பாலும் பின்பற்றுகிறது. பனியனின் நூல் கனவில் கண்ட உரைநடைக் கதை. சந்தைக்குப் போகிறவனின் பேச்சுமொழி. கிருஷ்ணபிள்ளையின் நூல் விருத்தத்தில் அமைந்த காப்பியம். இவ்வடிவ வேறுபாட்டை ‘தமிழ் மரபுக்கேற்ப மாற்றினார்’ என்று ஒரு தொடரில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் வடிவம் மாறியபோது உறுதி பற்றிய வினாவின் இருப்பிடமும் மாறியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

காப்பியத்தின் முடிவு கேட்போர் அறிந்ததே. இராமன் வெல்வான் என்று தெரிந்தேதான் கம்பனைக் கேட்கிறோம். ‘சேர்வானா, மாட்டானா’ என்ற பதைப்பு காப்பியச் சுவையின் அடிப்படையன்று. பனியனின் கதையோ அப்பதைப்பைப் பக்கந்தோறும் வளர்ப்பது. ஆகவே அதைக் காப்பியமாக்கும் புலவர், உறுதிக்கு வேறொரு நிலைக்களன் காண வேண்டியிருந்தது. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என, இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை விரிவாகப் பாடியதற்கு இதுவே காரணம் என எண்ணுகிறேன். மூலநூலில் சிலுவை ஒரு காட்சி; யாத்திரிகன் அதைப் பார்க்கிறான், சுமை வீழ்கிறது, சில வரிகளில் முடிந்துவிடுகிறது. தமிழில் அது வரலாறாகி, பழிப்பும் அடியும் ஏற்கும் தலைவனின் அருகே கேட்போரைக் கொண்டு நிறுத்துகிறது. இப்படலத்தைப் பக்திச் சேர்க்கை என்றும் நூலுக்குப் புறம்பான விரிவு என்றும் கருதுவாருமுளர், அது பொருந்தாது. யாத்திரிகனின் மடியிலிருந்த சான்றைத் தலைவனின் செயலுக்கு மாற்றிய இடம் அது. மடியில் உள்ளது நழுவலாம். நடந்து முடிந்த செயல் நழுவாது.

நூலில் இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களையும் இந்நோக்கில் காண வேண்டும். கதை படர்க்கையில் நடக்கிறது. பதிகம் இறைவனை முன்னிலைப்படுத்துகிறது. ‘நான் உளேனா’ என்று தன்னையே துருவும் பனியனின் வினா இங்கே ‘நீ கைவிடுவாயோ’ என்ற முறையீடாகத் திரும்புகிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்கு விடை தேட ஒருவன் தன் நெஞ்சின் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதில் கேட்கப்படுபவன் எதிரே இருக்கிறான் என்பது கேள்வியிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டு விடுகிறது. இழப்பு ஒன்றும் நேரவில்லை என்று சொல்ல மாட்டேன். பனியனின் உரைநடையில் உள்ள தனிமை, நள்ளிரவில் தன்னோடு தானே வாதிடும் மனிதனின் குரல், விருத்தத்தின் ஒழுங்கில் மங்கிவிடுகிறது. இந்நூல் மூலத்தை விஞ்சிவிட்டது என்று பாராட்டுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இங்கு ஒரு தடை எழும். மீட்பின் உறுதி மேலைநாட்டுச் சரக்கன்று; சரணாகதி மரபில் அது நெடுங்காலமாக உள்ளது; கிருஷ்ணபிள்ளை அதை உடன் கொண்டே வந்தார் எனலாம் அன்றோ? அவருடைய மதமாற்றத்தை இந்து, கிறித்தவ இறையியல் இணைகளின் ஒளியில் ஆராய்ந்த டென்னிஸ் ஹட்சனின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரை இத்திசையில் வழிகாட்டியது. இத்தடையில் பேருண்மை உள்ளது. பிரபத்தியின் அங்கங்களுள் மகாவிசுவாசம் ஒன்றாக எண்ணப்படுகிறது. சரணடைந்தவன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவன். உடல் வீழும் நாளை எதிர்நோக்கி இருப்பதே அவனுக்கு எஞ்சியது. ஆனால் தென்கலையாரும் வடகலையாரும் வாதிட்டது எதைப் பற்றி என்று நோக்குதல் வேண்டும். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போன்றதா, குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போன்றதா என்பது அவ்வாதம். காப்பதில் காக்கப்படுவோனுக்குப் பங்கு உண்டா என்பதே வினா. ‘நான் அந்தக் குட்டிதானா’ என்பதன்று. ஆசாரியன் வழியாகத் தோளில் பெற்ற சங்கு சக்கர இலச்சினை உறக்கத்தில் நழுவி வீழும் பொருளன்று. பனியனின் நெற்றி அடையாளத்துக்கு இணை சொல்லலாம். சுருளுக்கு இணை இல்லை. நீர்முழுக்கு என்ற புற அடையாளத்தைக்கூடச் சபை உறவுக்குக் கட்டாயமாக்க மறுத்தவர் பனியன் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அவருக்குச் சான்று அகத்தே இருந்தாக வேண்டும். அகத்தே இருப்பதனாலேயே அது தொலையவும் கூடும்.

ஒப்பீடு செய்யத்தக்க இடம் வைணவ மரபில் வேறொன்று உண்டு. திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், ஒன்பதாம் திருவாய்மொழி அடியவர் பரமபதம் சேரும் வழியையும் அங்குப் பெறும் வரவேற்பையும் நேரில் நிகழ்வது போலவே பாடுகிறது. நூல் அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. பத்தாம் திருவாய்மொழி மீண்டும் ஓலமிடுகிறது. முன்னே கண்டது மனத்தால் பெற்ற அனுபவம் என்றும், கண் விழித்துப் பார்க்கையில் இன்னும் இவ்வுலகிலேயே இருப்பதை உணர்ந்து ஆழ்வார் கதறினார் என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். இங்கே ஐயம் சிறிதும் இல்லை. ஆனால் தவிப்பு உண்டு. சேர்வது திண்ணம் என்று அறிந்தவனும் சேரும்வரை அழலாம். பனியன் நூலின் இறுதி ஆற்றங்கரையில் நிகழ்வதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றுக்குப் பாலம் இல்லை. மன்னன்மீது வைத்த நம்பிக்கையின் அளவுக்கு ஏற்ப ஆழம் கூடியும் குறைந்தும் தோன்றும். சுருளை மீட்டு, ஐயக்கோட்டையில் வாக்குறுதி என்னும் திறவுகோலால் சிறைக்கதவைத் திறந்து வெளிவந்த அதே யாத்திரிகன், வாயில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மூழ்கத் தொடங்குகிறான். உடன்வந்த நம்பிக்கையாளன்தான் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். சுருள் மடியில் இருக்கும்போதே இது நிகழ்கிறது.

அவர்களுக்குப் பின்னே மற்றொருவன் வருகிறான். அறியாமை என்பது அவன் பெயர். வழியெங்கும் அவனுக்கு ஐயமே இல்லை. தன் நெஞ்சே தனக்குச் சான்று என்பவன். வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் கால் நனையாமல் அவனை அக்கரை சேர்க்கிறான். வாயிலில் சான்று கேட்கிறார்கள். மடியைத் தடவுகிறான்; ஒன்றும் இல்லை. மலையுச்சியில் முன்னொரு நாள் யாத்திரிகன் செய்த அதே செய்கை. அன்று தடவியவன் அழுதுகொண்டே இறங்கித் தேடப் போனான். இவனுக்குத் திரும்பிப் போகப் பொழுது இல்லை. கைகால் கட்டி மலைச்சரிவின் கதவொன்றில் தள்ளப்படுகிறான். கனவு கண்டவன் விழிப்பது அப்போதுதான். விண்ணக மகிழ்ச்சியோடு முடிய வேண்டிய நூலைப் பனியன் வேண்டுமென்றே இவ்விடத்தில் நிறுத்துகிறார். இரட்சணிய பருவத்தை வீடுபேற்றுப் பகுதி என்று தலைப்பிட்டுக் கற்பிக்கும் நம் பாடத்திட்டங்களில் இவ்வோடக்காரனுக்கு இதுவரை இடம் இல்லை.